நூல் முனையில் கல்

மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடிக்க வேண்டிய
எட்டுக் கம்பெனிகளின் கணக்கு மேசையில் கிடக்க
மொட்டைமாடியில் நின்று
புடலம்பிஞ்சின் நுனியில் கல் கட்டிக்கொண்டிருந்தேன்.

சின்னக் கல்தான். வில்லிவாக்கம் ஸ்டேஷன் ஜல்லி.
நூல், மளிகைக்கடைப் பொட்டலத்தில் அவிழ்த்தது.
கட்டாவிட்டால் காய் தன் இஷ்டத்துக்குச் சுருளும்,
ரிட்டர்ன் தாக்கல் செய்யாத கிளையண்ட் மாதிரி.

பங்குனி.
வசந்த உற்சவம் என்கிறது கோயில் சுவரொட்டி.
இந்த ஊரில் வசந்தம் என்பது
காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிடுகிற ஒன்று.
அதற்குள் ஊற்றியாக வேண்டும்:
ஆர்.ஓ. மெஷின் துப்பியது, அரிசி களைந்தது,
ஞாயிற்றுக்கிழமை என்றால்
சங்கரா மீன் கழுவியதும்.
லாரித் தண்ணீரில் ஒரு குவளை மொண்டாலும்
செகரெட்டரி புண்ணியகோடி படியேறி வந்துவிடுவார்.

பதினொரு பைகள்.
கத்தரியில் நான்கு காய், நான்கிலும் புழு.
ஆடிட்டுக்காக இரண்டு நாள் மேலே வராததில்
வெண்டை முற்றி மரக்கட்டை.
தண்டங்கீரை மட்டும் கிள்ளக் கிள்ள
வெட்கமில்லாமல் வந்துகொண்டிருந்தது.
புடலையோ கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்து
ஒருநாள் தாண்டியும் விட்டது.

சுவருக்குக் கீழே
மூன்றாம் மாடி, ஜெஸிந்தாவின் சமையலறை ஜன்னல்.

எங்களுக்குள் பேச்சில்லை.
தை மாதம் வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டாள்:
அடுப்புக்கு நேர் மேலே, கூரையில், ஈரக் கறை.
'யாரோ வளர்க்கிற தோட்டம்
என் தலைமேல வேர் விடுது.'
யாரோ.
இருபத்துமூன்று பேர் பார்த்திருந்தார்கள்.
பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன்,
அடியில் தார்ப்பாய் விரித்தேன்.
மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.
மழைநீராகவும் இருக்கலாமே என்று
சந்தேகத்தின் பலனை
எனக்கு நானே வழங்கிக்கொண்டேன்.

புடலம்பூ இரவில்தான் விரியும்.
வெள்ளை. ஓரமெல்லாம் நூல் பிரிந்த கைக்குட்டை.
நட்டு, நீரூற்றி, பந்தல் போட்ட நான்
விரிந்து ஒருநாளும் பார்த்ததில்லை.
ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து
பதினொன்றரைக்கு வந்து
ஜன்னலைத் திறக்கிறவள் பார்த்திருப்பாள்.

காய் தினம் நாலு விரல்கடை இறங்கியது.
நான் தினம் நாலு ஃபைல் மூடினேன்.

ஏப்ரல் இரண்டு காலை, காய் இல்லை.
காம்பைக் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தது, சுத்தமாக.
கல் மட்டும் இருந்தது.
பக்கத்துக் கொடியில்
விரல் நீளத்துக்கு வந்திருந்த இன்னொரு பிஞ்சில்
அதே நூலில் தொங்கியது.
முடிச்சு என்னுடையதில்லை.
இரண்டு சுற்று, ஓர் இறுக்கம்;
காயத்துக்குத் தையல் போடுகிற இடத்தில்
வேலை பார்ப்பவர்களின் முடிச்சு.

சண்டைக்குத்தான் இறங்கினேன்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
தேங்காயெண்ணெயில் கடுகு வெடித்தது.
சின்ன வெங்காயம். பிறகு கறிவேப்பிலை.
பாசிப்பருப்பு குழையும் மணம்,
அதில் மிளகும் சீரகமும் அரைத்துவிட்டது.
நானாக இருந்தால்
கத்திமுதுகால் வெள்ளைப் பூச்சைச் சுரண்டி,
உப்பில் பிசறிப் பிழிந்து,
நடுப்பஞ்சையும் விதையையும் எடுத்து
உளுந்தும் வரமிளகாயும் வறுத்துத்
துவையல் அரைத்திருப்பேன்.
அவள் விதையை என்ன செய்தாள்?

மணியை அடித்துவிட்டு
அதையே கேட்டேன்.

கையில் கரண்டியோடு நின்றாள்.
'குப்பையில போட்டேன். ஏன்?'

'ஐயோ!'

இந்த வருடத்தில் நாங்கள் பேசிய
முதல் மூன்று சொற்களும் ஓர் அலறலும் இவ்வளவுதான்.
அப்புறம் அவள் அடுப்பைத் தணித்தாள்.
நான் செருப்பைக் கழற்றினேன்.
பச்சைக் கூடையை நடுவில் வைத்து
முட்டை ஓட்டையும் டீத்தூளையும் விலக்கி
ஈரப் பஞ்சிலிருந்து ஒவ்வொன்றாக
இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.

எங்கள் தலைகளுக்கு மேலே, கூரையில்,
ஓரம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது கறை.
இரண்டு பேருமே நிமிரவில்லை.