கூரைத் துணி

செப்டம்பரில் ஒரு மூலை தொங்கியது.
அக்டோபரில் தலையைத் தொட்டது.
இப்போது லியெபாயாவின் கற்பாவிய தெருக்களில்
டிராம் தண்டவாளத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும்
அந்தச் சாம்பல் துணி இறங்கிவந்து
என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறது,
காய்ச்சல் இருக்கிறதா என்பதுபோல்.

குண்டூசி குத்தினேன். பதினேழு.
ஒன்று உதிர்ந்து
ஆர்வீட்ஸ் அய்யாவுக்கு எடுத்துப்போன
சூப் டப்பாவின் மூடிமேல் கிடந்தது.
அன்றைக்குத்தான் பட்டறைக்குப் போனேன்.

க்விடோ உள்ளே தலையை விட்டு
ஒரு விரலால் அழுத்தினார்.
பொலபொலவென்று மஞ்சள் தூள்.
"துணிமேல் குற்றமில்லை.
அதன் பின்னால் இருக்கிற ஸ்பாஞ்ச் செத்துப்போச்சு."
முந்நூற்று இருபது யூரோ.
வண்டியே எண்ணூறுக்குத்தான் போகும் என்று
அவர் சொல்லவில்லை.
டயரைப் பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்குக் கையில் வருவது மணிக்கு ஆறு.
முந்நூற்று இருபது என்றால்
ஐம்பத்து மூன்று மணி நேரமும் கொஞ்சமும்.
எத்தனை முதுகு தேய்க்க வேண்டும்,
எத்தனை கால்நகம்,
தண்ணீர் சூடு போதுமா என்று
எத்தனை முறை கேட்க வேண்டும்.

ராத்திரி மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
எழுதிப் பார்த்தேன்.
துணி நாற்பத்தெட்டு.
பசை இரண்டு டப்பா, இருபத்தாறு.
தூரிகை வீட்டிலேயே இருக்கிறது.
நேரம் என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதவில்லை.
என் நேரத்துக்கு மற்றவர்கள் விலை போட்டே பழக்கம்.
நானே போட வந்தால் பேனா கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை.
கைப்பிடிகள், வெயில்மறைப்பு, விளக்கு.
திருகாணிகளை முட்டை அட்டையில்
குழிக்கு ஒன்றாகப் போட்டேன்.
பிளாஸ்டிக் கொக்கி ஒன்று டக்கென்று உடைந்தது.
எந்த இடத்துக் கொக்கி என்று
கார் இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு பலகை முழுசாகக் கழன்று
என் தோளில் உட்கார்ந்தது.
கூரை அகலத்துக்குப் பலகை.
கதவு அந்த அகலம் இல்லை.
வளைத்தால் ஒடியும்,
வளைக்காவிட்டால் அதுவும் நானும் உள்ளேயே.
நாற்பது நிமிடம்.
கடல்காற்று மழையையும் கூட்டிவந்தது.

மூன்றாம் மாடி ஸ்மைடாவின் நாய்தான்
என்னை முதலில் கண்டுபிடித்தது.
அவள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.
பின் இருக்கையை மடக்கினாள், டிக்கியைத் திறந்தாள்,
"சாய்த்து, சாய்த்து, இப்போ இழு."
மாட்டு வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள்.
வெளியே வந்ததும் மழையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"கன்றுக்குட்டியைவிடச் சுலபம்."

மாடிப்படிக்குக் கீழே வைத்துச் சுரண்டினேன்.
மூன்று சாயங்காலம்.
புருவத்தில் மஞ்சள், காபியில் மஞ்சள்.
வெறும் பலகை பார்க்க நன்றாகவே இருந்தது.
துணியை வெட்டியிருப்பேன்,
பசை டப்பாவில் இருந்ததைப் படித்துத் தொலைத்தேன்:
ஒட்டியபின் நகர்த்த முடியாது.

கன்றுக்குட்டி விஷயமே வேறு.
அதற்கு நகரத் தெரியும்.

வியாழக்கிழமை பலகையைக் குளியலறைத் திரையில் சுற்றி
உள்கூரையை வெளிக்கூரைமேல் கயிற்றால் கட்டி
க்விடோவிடம் கொண்டுபோனேன்.
உள்ளங்கையால் தடவினார்.
"யார் சுரண்டினது?"
"நான்."
இன்னொரு தடவை தடவினார்.
"தொண்ணூறு. துணி என்னுடையது."
பதினைந்து மணி நேரம் என்று
மனசு உடனே மாற்றிச் சொன்னது.
சரி என்றேன்.

நான்கு நாள் வெற்றுத் தகரத்துக்கு அடியில் ஓட்டினேன்.
மழை உச்சந்தலைக்கு நேர் மேலே பெய்தது,
ரேடியோ கேட்கவில்லை.
ஆர்வீட்ஸ் அய்யாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன அன்று
அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு
தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

பலகை வந்துவிட்டது. இழுத்துக் கட்டிய துணி,
ஒரு சுருக்கம் இல்லை.
திரும்ப மாட்டித் தர இன்னும் இருபது கேட்டார் க்விடோ.
"அதை நானே பார்த்துக்கறேன்" என்று
வாய் சொல்லிவிட்டது.
கொக்கி ஞாபகம்
பாலம் தாண்டித்தான் வந்தது.