காலி வீடு

மாகிமில், ஜிபிஎஸ் நின்ற இடத்தில்
பைப்புக்குப் பின்னால் கைவிட்டேன்.
முதலில் சிலந்திவலை, பிறகு டப்பா.
உள்ளே பெயரெழுத நோட்டு,
ஒற்றைக் கம்மல்,
கண் போன பிளாஸ்டிக் யானை.

எடுத்தால் ஒன்று வைக்கணும்.
யானையை எடுத்தேன்.
கார்ட்டர் ரோடு பாறையில்
காலை வற்றத்தில் பொறுக்கிய சங்கை வைத்தேன்.
ஓசியில் வந்தது,
அதனால் தாராளமாக.

அடுத்த ஞாயிறு நோட்டில்
பெர்சிஸ் என்பவளின் சாய்ந்த எழுத்து,
நான் வைத்த மறுநாள் தேதியிட்டு:
"டப்பாவுக்குள் சுரண்டும் சத்தம்.
சங்கில் ஆள் இருந்தது.
கடலில் விட்டாயிற்று.
பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை.
வைத்தவர் வைத்தது அவருடையதல்ல."

துறவி நண்டாம் அதன் பெயர்.
கிடைத்த சங்கில் குடியிருந்து
உடம்பு பெருத்தால் வேறு தேடுமாம்.
பதினொரு மாத ஒப்பந்தத்தில்
இந்த ஊரில் ஐந்து வீடு மாறியவன் நான்.
குடியிருப்பவரோடு சேர்த்து
ஒரு வீட்டையே தூக்கி வந்திருக்கிறேன்.

இன்று வற்றம் ஐந்து பத்துக்கு.
ஹாஜி அலி வழியில்
இருபது ரூபாய்க்கு வாங்கிய சங்கு
சட்டைப்பையில்.
தட்டிப் பார்த்தேன்.
யாருமில்லையா என்று கேட்கக்கூடச் செய்தேன்
(பக்கத்தில் பேல்பூரி தின்றவர் தள்ளி உட்கார்ந்தார்).
பிறகு காதில் வைத்தேன்.

கடல் இரைந்தது.
காலிதான்.