இருபத்தொன்று

வல்திவியாவில் மழை நின்றால்தான் செய்தி.
வெள்ளி இரவு, செருப்புக்கடை மாடி,
நான்கு பேருக்கு ஒரு மேசை,
பாதி வேலை செய்யும் ஹீட்டர்.

இஸ்மேனியா கோர்ட் நோட்டீஸ் கொடுப்பவள்.
பகல் முழுக்கக் கதவு தட்டுகிறாள்.
உள்ளே டிவி ஓடும், யாரோ இருமுவார்கள்,
ஆள் மட்டும் இல்லை.

அதனால்தானோ என்னவோ
எந்தக் கதவும் செல்லுபடியாகாத ஒருத்தியைத்
தளபதியாக எடுத்திருக்கிறாள்.
சாம்பல் நிற அந்துப்பூச்சி ராணி.
'இவளைத் தடுக்க முடியாது'
கார்டின் அடியில் அந்த ஒற்றை வரிதான்.
பலம் வெறும் இரண்டு.

மீதித் தொண்ணூற்றொன்பதும்
அந்த இரண்டை ஏழாக்கும் வேலைக்கு:
வாள், நஞ்சு, கோபம், இன்னும் வாள்.
முப்பத்தாறு நிலத்தை
முப்பத்தொன்றாக வெட்டினாள்.
"பட்டினி கிடப்பாய்" என்றேன்.
"ஏழாவது சுற்றுக்கு
நீங்கள் யார் இருக்கப் போகிறீர்கள்?"

சுவர் ஒன்றே ஒன்று வைத்தாள்,
அதுவும் என் நச்சரிப்புக்காக.

பால்தசார் பக்கம் பதினொரு பூதங்கள்.
கோட்டை மாதிரி அடுக்கிவிட்டு
எம்பனாடா தின்றுகொண்டிருந்தான்.
ராணி அவற்றின் தலைக்கு மேலே போனாள்.
ஏழு.
மறு சுற்றில் பதினான்கு.
பூதங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டான்,
"இது? இதுகூடவா முடியாது?"
இருபத்தொன்று.
ஒரே தளபதியிடம் அவ்வளவு வாங்கினால் ஆட்டம் முடிந்தது.
நாற்பதில் பத்தொன்பது உயிரைக்
கையில் வைத்துக்கொண்டே செத்தான்.
எண்ணெய் விரலைத் துடைக்கவும் மறந்திருந்தான்.

அடுத்து நான். பயந்து
ராணியைக் கொன்றுவிட்டேன்.
இரண்டு கூடுதலாகக் கட்டினால் திரும்பி வருவாள்.
கட்ட நிலம் இல்லை.
கையில் ஒரு கார்டும் இல்லை.
வேகமாய் ஓடுகிறவள் கை
வெறுங்கையாகத்தான் இருக்கும்.

அதுவரை மிர்ட்டாவை யாரும் பார்க்கவில்லை.
மாலை முழுக்க, மூலையில்,
சுற்றுக்கு ஒன்றாய் ஆட்டுக்குட்டி சேர்த்துக்கொண்டிருந்தாள்.
பதின்மூன்று ஆடுகள்
வரிசை கலையாமல் நடந்து போயின
இஸ்மேனியாவிடம்.
ஊரார் வீட்டுக்குள்ளெல்லாம் புகுந்தவளுடைய வீட்டுக்குக்
கதவே இல்லை.

அந்த ஒற்றைச் சுவர்?
கட்டின் அடியில் தூங்கியிருக்கிறது.

எல்லோரும் சிரித்தோம், அவள்தான் அதிகம்.
பிறகு சுவரை உறையிலிருந்து உருவி
என்னிடம் தந்தாள்.
"நீயே வைத்துக்கொள்."
அதன் இடத்தில் இன்னொரு வாளைச் செருகினாள்.

படியிறங்கும்போது பார்த்தேன்,
பையில் சீட்டுக்கட்டுக்குப் பக்கத்தில்
யாரும் வாங்காத நோட்டீஸ் ஒன்பது,
நனையாமல் பாலித்தீனில்.