உப்பில்லாமல்

இரவு இரண்டு மணியிலிருந்து
கேத்தி பாலாடாவில் கேரட் கழுவினேன்.
மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூன்று லாரி.
முறிந்ததை மூட்டையில் போடமாட்டார்கள்.
ஒன்று என் ஸ்வெட்டர் பையில் வந்தது.

குக்கர் ஆறு விசில் கேட்டது.
இந்த உயரத்தில் தண்ணீர்
அவசரமாய்க் கொதிக்கும்,
எதையும் வேகவைக்காது.

மசித்து, வடிகட்டியில் தேய்த்தேன்.
விறைத்த விரல்களுக்கு
அந்தக் கிண்ணம்தான் முதல் சூடு.
பழக்கத்தில் கை உப்பு டப்பாவுக்குப் போனது.
"ஒரு வயசு வரைக்கும் வேணாம்னு
நர்ஸ் சொன்னாங்கல்ல?"
போர்வைக்குள்ளிருந்தே ஜெசிந்தா.

மகன் வாயைத் திறந்தான்.
நாக்கால் தள்ளினான்.
தாடையில் வழிந்ததை வழித்து
மறுபடி கொடுத்தேன்.
மறுபடி தள்ளினான்,
லோடைத் திருப்பி அனுப்பும்
மண்டிக்காரன் முகத்தோடு.
ஐந்தாவது கரண்டியை
வாயில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் யோசித்தான்.

போதும்போல என்று
மிச்சத்தை நான் தின்றேன்.
ஆறு வருஷமாய் டன் கணக்கில் கழுவுகிறேன்,
இப்படியா இருக்கும் கேரட்?
முதலில் கொஞ்சம் மண்,
அப்புறம் எங்கிருந்தோ
மெதுவாக ஒரு இனிப்பு.

வழித்து முடித்த கிண்ணத்தைப் பார்த்து
அவன் கத்தத் தொடங்கினான்.

லாரிகள் இந்நேரம்
பர்லியாறு தாண்டியிருக்கும்.