பானையா, கட்டைவிரலா

ஜம்போவில் ஒரு குள்ள ரகம் உண்டு.
நான்கு என்ஜின், நெட்டை வால்,
நடுவில் யாரோ ரம்பம் போட்டு
ஒரு துண்டை உருவிவிட்டுத் திரும்ப ஒட்டிய உடம்பு.
நான் அதைப் பானை என்றேன்.
கோகி கட்டைவிரல் என்றாள்.
பதினோரு மாதமாகிறது.

மற்றதற்கெல்லாம் தகராறே இல்லை.
டக்கோட்டா எருமை. ஒரே மூச்சில் முடிந்தது.
வாலில் மூன்றாவது என்ஜின் வைத்தது திரிசூலம்,
அதற்கு அவள் கைகூடத் தட்டினாள்.
இதில்தான் மாட்டிக்கொண்டோம்.

"பானை அடுப்புல உட்காரும். பறக்காது."
"விரல் மட்டும் பறக்குமா?"
"இசிபிங்கோ ரோட்டுல நின்னு நீட்டிப் பாரு,
டாக்ஸி நிக்கும், ஊர் போய்ச் சேருவே."
"வெட்டிக் கொடுத்துட்டு நின்னவன் கதை தெரியும்ல?"
"அதுக்கு அவன் குருவைத் திட்டு. என் பிளேனைத் திட்டாதே."

லெனேசியாவிலிருந்து ரூபேந்திரன்,
எங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம்,
ஒருநாள் 'அரை இட்லி' என்று சொல்லிப் பார்த்தான்.
ஜொகனஸ்பர்க்காரனிடம் யார் கேட்டார்கள்?

ஆனால் விதி செய்தது அவன்தான்:
யார் மெதுவாகத் தரை தொடுகிறாரோ
அவர் வைத்ததே அந்த மாதத்துப் பெயர்.
கோகி பகலெல்லாம் பல் மருத்துவர் பக்கத்தில்
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்து நிற்பவள்.
அந்தக் கை நடுங்காது.
நான் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன்.
மெர்பேங்க் வேகத்தடை ஒவ்வொன்றிலும்
நூற்றெழுபது ரொட்டி துள்ளும்.
ஆறு மாதம் கட்டைவிரல். நான்கு மாதம் பானை.
ஒரு மாதம் அவளுக்கு ஜுரம், எனக்கு மிதிகள் வழுக்கி
ஓடுபாதை தாண்டிப் புல்.
அந்த மாதம் அது பெயரில்லாமல் பறந்தது.
இப்போது என் மிதிகளுக்கு முட்டுக்கொடுக்க
பத்துக் கிலோ அரிசி மூட்டை.

நேற்று இரண்டு பேருக்கும் ஒரே விமானி அறை.
இடது இருக்கை அவள், இசிபிங்கோவில்.
வலது இருக்கை நான், மெர்பேங்கில்.
நடுவே, மூடிப்போன பழைய விமான நிலையம்.
நிஜத்தில் அங்கே வேலியும் பூட்டும்.
எங்கள் திரையில் இன்னும் விளக்குகள் வரிசையாய்.
குறுக்கே கடல்காற்று, இருபத்திரண்டு நாட்.
எண்ணூறு அடி.
ஐந்நூறு.
"பாரு, எங்க வீட்டுக் கூரை" என்றாள்.
அத்தோடு குரல் நின்றது.

எட்டு மணி. அவள் பகுதிக்கு மின்வெட்டு.
அட்டவணையை இருவருமே மறந்திருந்தோம்.
கீழே, திரையில், அவள் கூரை
மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தது.
மென்பொருளுக்கு யார் போய்ச் சொல்வது?

மூன்று வினாடி அந்த விமானம் யாருடையதும் இல்லை.
இறக்கை ஒன்று மெல்லத் தாழ்ந்தது.
சும்மா இருந்திருக்கலாம்.
விழுந்தால் அவள் கணக்கில் விழும்,
நவம்பர் முழுக்கப் பானை.
நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
பிறகு, இஸ்திரி மேசையில் திருகி வைத்த சுக்கானை
இரண்டு கையாலும் பிடித்து
"என்னிடம்" என்றேன்,
கேட்க ஆளில்லாத இருக்கையைப் பார்த்து.

இறக்கினேன் என்று சொல்லக்கூடாது.
போட்டேன்.
நிமிடத்துக்கு அறுநூற்றுப் பத்து அடி.
ஒரு குதி, அப்புறம் பக்கவாட்டில் இன்னொரு குதி,
நான் மிதித்த மிதியில் மூட்டையின் தையல் விட்டது.
ரூபேந்திரன் சிரித்துச் சிரித்து இருமி
"இது யார் கணக்குல எழுத?" என்றான்.
எனக்கும் தெரியவில்லை.

மண்டியிட்டு அரிசி பொறுக்கும்போது
கைபேசி மினுங்கியது.
இருட்டில் உட்கார்ந்து அனுப்பியிருக்கிறாள்,
இரண்டே சொல்:
"பானை உடைஞ்சுதா?"

பானை!
பதினோரு மாதத்தில் அவள் வாயிலிருந்து முதல் தடவை.
ஜெயித்தேனா, வாங்கிக்கட்டிக்கொண்டேனா,
உள்ளங்கையில் ஒரு பிடி அரிசியோடு
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.
அப்புறம் பதில் தட்டினேன்.
இன்னொரு கையின்
கட்டைவிரலால்.