மட்டம்

அனுசியன் தோஹாவுக்குப் போகமுதல்
எனக்குத் தந்தது மூன்று:
றூம் திறப்பு, ஒரு பாஸ்வேர்ட்,
ஓயாமல் அலறும் ஒரு போன்.

ஒரே இரவில் நானூற்றுப் பன்னிரண்டு செய்தி.
போர்ட் எழும்பியது. போர்ட் விழுந்தது.
ஆரோ உள்நுழைந்தார் (அது நான்).
இரண்டாவது விசிறி கொஞ்சம் வேகமாய்ச் சுற்றுகிறது.
இதற்கெல்லாம் எழும்பினால் மனிசர் தாங்குமா?
எனக்கு முதல் இருந்த எல்லாரும்
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார்கள்.

ஆரோ ஒருவரின் நெஞ்சுக்கூடு,
ஆரோ ஒருத்தியின் ஏழுமாதப் பிள்ளை,
ஆசுபத்திரியின் படங்கள் முழுக்க
இந்த இரண்டு சுவிட்சுக்குள்ளால்
ஒளியாகப் போய் டிஸ்க்கில் படுக்குது.

பதிவைத் திறந்தேன்.
அதற்கு ஆரும் நேரம் சொல்லிக்கொடுக்கவில்லை.
ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும்
1970, தை முதலாம் திகதியிலிருந்து
திரும்பவும் எண்ணத் தொடங்கியிருக்கிறது.
அந்தத் திகதியில்
சூறாவளி இன்னும் வரவில்லை.
டச்பார் வீடுகளுக்குள் கடல் ஏறவில்லை.
பெரியமாமா சைக்கிளில் செங்கலடிக்குப் போகவில்லை.

அம்மாவின் அலுமாரியில் ஒரு என்ட்றித் துண்டு இருக்கு.
இலக்கம் உண்டு, நேரம் உண்டு, சீல் உண்டு.
எழுதினதை ஆராவது வாசித்ததற்கு மட்டும்
அடையாளம் இல்லை.

முதலில் நேரத்தைச் சரிப்படுத்தினேன்.
பிறகு, எழுதுவதில் ஒரு பிரதி
மேல்மாடியில் இருக்கும் இன்னொரு பெட்டிக்குப் போகவைத்தேன்;
சுவிட்சின் நினைவு வட்டமானது,
நிறைந்தால் பழையதன் மேலேயே எழுதும்.

அதுக்குப் பிறகுதான் மட்டம்.
பூச்சியத்திலிருந்து ஏழு வரை எட்டுப் படி.
பூச்சியம் என்றால் வீடு எரியுது,
ஏழு என்றால் வாய் ஓயாத விடுப்பு.
எந்தப் படியில் ஆளை எழுப்புவது?

மாரியில் கச்சேரியில் நடக்கும் சண்டையும் இதுதான்.
வாவி எத்தனை அடி ஏறினால்
முகத்துவாரத்தை வெட்டிவிடுவது?
வெட்டு இப்பவே, வேளாண்மை குடலையில நிக்குது என்பார் வயல்காரர்.
பொறு, இறால் இன்னும் பருக்கல்ல என்பார் வலைகாரர்.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.
ஊரின் பெயரிலேயே மட்டம் இருக்கு,
எது மட்டம் என்றுதான் ஆரும் எழுதிவைக்கவில்லை.

நான் எழுதிவைத்தேன்.
நாலும் அதைவிடச் சின்னதும்: போன்.
ஐந்தும் ஆறும்: பதிவில் மட்டும், காலையில் தேத்தண்ணியோடு வாசிக்க.
ஏழு: மன்னிக்கவும்.
வந்து சேரும் ஒளி மைனஸ் பதினொன்றுக்குக் கீழே இறங்கினால்: போன்.

அண்டைக்கு இரவு ஒன்றுமே வரவில்லை.
நல்ல நித்திரை வந்திருக்கவேணும்.
ஒரு மணிக்கு எழும்பிப் பார்த்தேன்.
இரண்டுக்கும் பார்த்தேன்.
சுகமா இருக்கா, செத்துப்போச்சா?
சத்தமில்லாததுக்கு மட்டம் வைக்க மறந்துவிட்டேன்.

விடிய வந்து இன்னொரு வரி சேர்த்தேன்:
நாள்தோறும் காலை ஆறு மணிக்கு
'இருக்கிறேன்' என்று ஒரு சொல் அனுப்பு.
வராவிட்டால் என்னை எழுப்பு.
"செத்தது எப்பிடிகா வந்து சொல்லும்?"
ஸ்கேன் அறை ஷிபானா சிரித்தாள்.
மேல்மாடிப் பெட்டி சொல்லும் என்றேன்.
"அது செத்தா?"
அதுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

நாலாம் நாள், 2:47.
போர்ட் பதினாலு. தீவிரம் நாலு. ஒளி மங்குது.
கல்லடிப் பாலம் முழுக்க என் ஸ்கூட்டி ஒண்டுதான்.
கீழே, தோணியொன்றில் லாம்பு.
றூமில் குளிர், விசிறி இரைச்சல்.
றாக்கின் கதவில் ஒரு நார் நெரிபட்டுக் கிடந்தது,
மயிரை விட மெல்லிய கண்ணாடி;
பின்னேரம் துடைக்க வந்தவர் அடித்துச் சாத்தியிருக்கவேணும்.
எடுத்து நிமிர்த்தினேன். மைனஸ் நாலு.

மேல்மாடிப் பெட்டியில் குறிப்பு எழுதினேன்.
காரணம்: கதவு.
நேரம்: 3:20.
பெயருக்கு அங்கே கட்டம் இல்லை,
ஆனாலும் போட்டேன்.
வாசித்தவர்: யோகரூபி.