பின்தொடர்வோர் பட்டியல்

விவாகரத்துப் பத்திரத்தில்
படகு எனக்கு, வீடு கெர்ட்டுவுக்கு,
நாய் சாகும்வரை மாதம் மாற்றி மாதம் என்று
ஒவ்வொன்றாய் எழுதிக் கையெழுத்திட்டோம்.
அவளுடைய சர்க்கரை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
இன்னும் வந்துகொண்டிருக்கிறது.
இடது மேற்கையில் ஒட்டிய காசளவு வில்லை
தோலுக்கடியில் ஒரு மயிரிழையை ஊன்றி
அங்கே கசியும் நீரைச் சுவைத்து
ஓவ்லு நகரத்திலிருந்து
பொத்னியா வளைகுடாவில் பனி பிளக்கும்
இந்தக் கப்பலின் இயந்திர அறைவரைக்கும்
சொல்லி அனுப்புகிறது:
5.8. அம்பு படுத்திருக்கிறது.

வேறு பேச்சு எங்களுக்குள் கிடையாது.

கோடு பேசும்.
வெள்ளி மாலை ஒரு மேடு: ஏலக்காய் பன்.
தின்றுவிட்டுத்தான் ஊசி போடுவாள்,
எத்தனை வருடம் சொல்லியும்.
சனியன்று அரைமணி வெற்றிடம்:
கைபேசியை வெளியே வைத்துவிட்டு சவுனாவுக்குள் போயிருப்பாள்.
வெளியே வந்ததும்
விட்டுப்போன புள்ளிகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.
புதன் மாலைச் சரிவு: விளக்கு எரியும் காட்டுப்பாதையில் பனிச்சறுக்கு.
பிப்ரவரியில் வியாழனும் சரிந்தது.
துணையில்லாமல் அடுத்தடுத்த நாள் போகிறவள் அல்ல அவள்.

ஓர் இரவு மூன்று மணிக்கு 3.4 என்று அலறியது.
சட்டையைத் தேடுவதற்குள் 5.6.
உடம்பின் பாரம் அழுந்தினால்
வில்லை இப்படிப் பொய் சொல்லும்.
ஆனால் கெர்ட்டு வலப்பக்கமாய்ப் படுப்பவள்.
பத்தொன்பது வருடமும் வலப்பக்கம்,
நான் அங்கே கிடந்ததால்.
இடப்பக்கம் திரும்பிவிட்டாள்.
இதை எனக்குச் சொல்ல
ஒரு கருவி வேண்டியிருந்தது.

மார்ச்சில், ஒரு சரக்குக் கப்பலுக்கு
வழி வெட்டிக்கொண்டிருந்தபோது
3.6.
இடக்கையில் படுத்திருக்கிறாள் என்று
அடுத்த புள்ளிக்குக் காத்திருந்தேன்.
அந்த ஐந்து நிமிடத்தை
இப்போதும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.
3.1.
2.7. அம்பு செங்குத்தாய்க் கீழே.
பொய் தொப்பென்று விழும்.
இது படி படியாய் இறங்கியது.

ஏழாவது மணியில் ஓர் ஆண் குரல்.
யாரென்று அவன் கேட்கவில்லை, நானும்.
வியர்த்திருக்கிறாளா?
தலையணை நனைந்திருக்கிறது.
உட்கார வை. விழுங்குகிறாளா பார்.
விழுங்குகிறாள்.
சமையலறையில், காபி டப்பாவுக்குப் பின்னால்
சாறு இருக்கும்.
அங்கே இல்லை, என்றான்.
இப்போது கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

வைத்திருக்கிறோம்.

நல்லது, என்றேன்.
யாரது, என்று குழறலாய் அவள் கேட்டதும்
கப்பல், என்று அவன் சொன்னதும் கேட்டது.

அதற்குப் பின் இருவரும் வைக்கவில்லை.
அவன் பக்கம் கண்ணாடித் தம்ளர் பல்லில் இடித்தது.
என் பக்கம் அடித்தட்டை உரசிக்கொண்டு போயிற்று பனி.
முகத்தில் நிறம் வந்துவிட்டது என்றான்.
என் திரையில் இன்னும் 2.8.
வில்லைக்கு இரத்தம் தெரியாது,
பக்கத்துக் கசிவுதான் தெரியும்,
சேதி பத்து நிமிடம் பிந்தும்.
அவன் எண்ணைப் பார்க்கவே இல்லை.
அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில்
பதினான்கு மாதத்துக்குப் பிறகு எண்ணில்லாத ஒரு செய்தி:
இல்போவின் போனில் இதை எப்படிச் சேர்ப்பது?
உன்னை எடுத்துவிட வேண்டுமா என்று
அவள் கேட்கவில்லை.
கிரீஸ் விரலை வேட்டித்துணியில் துடைத்து
ஒன்று முதல் ஆறுவரை எழுதி அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் கழித்து ஏழாவதையும்:
அலறல் சத்தத்தைக் கடைசிவரை கூட்டி வைக்கச் சொல்.
ஏழு மணி அடிக்கும்வரை தூங்குகிறான்.